மூச்சுக்குழலின் கூருணர்வும் ஆஸ்துமா மருத்துவமும்

கொல்கத்தாவின் தென்பகுதியிலுள்ள ஜாதவ்பூர், நுரையீரல் நோய்களின் வரலாற்றில் இடம்பெற்ற ஊராகும். வங்கக் கவிஞர் சுகாந்த பட்டாச்சார்யா 1947ஆம் ஆண்டு மே மாதம், தமது இருபதாம் வயதில், இவ்வூர்க் காசநோய் மருத்துவமனையில்தான் உயிர் நீத்தார். கே.எஸ். ராய் பெயரைத் தாங்கிய அம்மருத்துவமனையின் வளாகத்தில் இன்று ஒரு மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. சற்றுத் தொலைவில், 1935இல் தோன்றி 1982இல் இப்போதைய பெயரைப் பெற்ற இந்திய வேதி உயிரியல் கழகம் அமைந்துள்ளது. தெற்கு இருபத்துநான்கு பர்கனா மாவட்டத்து ஊர்களிலிருந்து புறநகர் ரயிலில் வந்து இறங்கும் நோயாளிகளுள், காசநோயாளிகளோடு இளைப்பு நோயாளிகளும் உண்டு. இவ்விரு நோய்களையும் நமது மருத்துவ நிர்வாகம் அணுகும் முறையில் காணப்படும் வேறுபாடு கருதத்தக்கது.

1962இல் தேசியக் காசநோய்த் திட்டம் தொடங்கியது முதல், சளிப் பரிசோதனை அதன் முதுகெலும்பாக விளங்கி வந்துள்ளது. சோதிப்பது, பதிவு செய்வது, பிறகு மருந்தளிப்பது என்பது கடைநிலைப் பணியாளரும் அறிந்த நெறி. ஆஸ்துமாவுக்கு இத்தகைய நெறி வேரூன்றவில்லை. மார்பில் சீழ்க்கை ஒலி கேட்டால் ஒரு மருந்து, கேட்காவிட்டால் வேறொரு மருந்து என்ற அளவிலேயே பல இடங்களில் மருத்துவம் நடைபெறுகிறது. இதன் விளைவைப் புள்ளிவிவரங்கள் உணர்த்துகின்றன. உலக நோய்ச்சுமை ஆய்வின் 2019ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஏறத்தாழ 3.4 கோடிப் பேருக்கு ஆஸ்துமா உள்ளது. இது உலக நோயாளிகளில் ஏறக்குறைய 13 விழுக்காடாகும். ஆனால் உலகில் ஆஸ்துமாவினால் நேரும் இறப்புகளில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை இந்நாட்டில் நிகழ்கின்றன. நோயின் பங்கைப் போல் மும்மடங்கு இறப்பின் பங்கு என்பது எந்த நிர்வாகியையும் சிந்திக்க வைக்க வேண்டிய விகிதம்.

சோதனையின் இயல்பு

ஆஸ்துமா வந்து வந்து போகும் நோய். இரவு முழுவதும் மூச்சுத் திணறியவர் காலையில் மருத்துவர் முன் அமரும்போது இயல்பாகச் சுவாசிப்பதுண்டு. அவரது மூச்சளவும் அந்நேரத்தில் சரியாகவே இருக்கலாம். ஆயினும் அவரது மூச்சுக்குழல்களில் ஒரு குறை மறைந்திருக்கும். புகை, குளிர்ந்த காற்று, தூசி போன்றவற்றுக்கு, பிறருடைய குழல்கள் பொருட்படுத்தாத அளவிலேயே அவை சுருங்கிவிடும். இதனையே கூருணர்வு என்கிறோம். இதை அளக்கும் முறையைக் கனடாவின் ஹாமில்டன் நகரில் காக்ராஃப்ட், ஹார்கிரீவ் முதலியோர் 1977இல் ஒழுங்குபடுத்தி வெளியிட்டனர்.

முறை எளியது. நோயாளி பலமாக ஊதும்போது முதல் ஒரு வினாடியில் வெளியேறும் காற்றின் அளவு ஸ்பைரோமீட்டர் கருவியால் குறிக்கப்படுகிறது. பின்னர் மெத்தகோலின் அல்லது ஹிஸ்டமின் கரைசலை மிக நீர்த்த நிலையில் ஆவிபோல் முகர வைத்து, படிக்குப் படி செறிவை இருமடங்காக்கி, ஒவ்வொரு படியிலும் மீண்டும் ஊதச் செய்வர். காற்றின் அளவு 20 விழுக்காடு குறைந்ததும் சோதனை நிறுத்தப்படும். குழலை விரிக்கும் சால்புடமால் கொடுத்ததும் மூச்சு பழைய நிலைக்குத் திரும்பும். மெத்தகோலின் மில்லிலிட்டருக்கு 16 மில்லிகிராம் செறிவை எட்டிய பின்னும் குறையாதிருப்பின் குழல்கள் இயல்பானவை எனக் கொள்ளப்படும். 2017ஆம் ஆண்டின் ஐரோப்பிய நெறிமுறை, செறிவைவிட உட்சென்ற மருந்தின் மொத்த அளவையே கணக்கிடுமாறு கூறி, 400 மைக்ரோகிராமை இயல்பின் எல்லையாக வகுத்தது. முன்னரே மூச்சளவு மிகக் குறைந்திருப்பவர்க்கு இச்சோதனை கூடாது. அவர்களுக்குச் சால்புடமால் அளித்து, காற்றின் அளவு 12 விழுக்காடும் 200 மில்லிலிட்டரும் உயர்கிறதா என்று பார்ப்பதே போதும்.

இச்சோதனை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதில் மாணவர்கள் கருத்தூன்ற வேண்டும். கணக்கின் பொருட்டு, சோதனை நோயுள்ளவரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைக் கண்டுபிடிப்பதாகவும், நோயற்றவரில் முப்பது பேரைத் தவறாகச் சுட்டுவதாகவும் வைத்துக்கொள்வோம். இருமலோடு வரும் 100 பேரில் உண்மையில் ஆஸ்துமா உள்ளவர் 10 பேர் எனில், சோதனை சுட்டிக்காட்டுவோர் 9ம் 27ம் சேர்ந்து 36 பேர்; அவர்களில் கால் பங்கினருக்கே நோய் உண்டு. மறுபுறம், நோயில்லை என விடுவிக்கப்படும் 64 பேரில் ஒருவர் மட்டுமே தவறிப்போகிறார். அதாவது, ஆஸ்துமா இல்லை என்று சொல்வதற்கே இச்சோதனை பெரிதும் பயன்படுகிறது. புகைப்பிடிப்போர், ஒவ்வாமையால் மூக்கொழுகுவோர் ஆகியோரிடமும் கூருணர்வு காணப்படுவதே இதற்குக் காரணம்.

இல்லை என்று சொல்வதும் சிறிய பயனன்று. கனடாவில் ஆஸ்துமா என மருத்துவர்களால் முடிவு செய்யப்பட்டிருந்த 613 பேரை, மருந்துகளைப் படிப்படியாகக் குறைத்து மீண்டும் சோதித்த ஆய்வு 2017இல் வெளியாயிற்று. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு அப்போது ஆஸ்துமா இல்லை எனத் தெரிந்தது. வீணாகிய மருந்துச் செலவு ஒருபுறமிருக்க, சிலரிடம் வேறு கடும் நோய்கள் கவனிக்கப்படாமல் இருந்தன.

முகரும் ஸ்டீராய்டு

கூருணர்வின் அடியில் இருப்பது குழற்சுவரின் அழற்சி. சால்புடமால் சுருங்கிய தசையைத் தளர்த்துமேயன்றி அழற்சியைத் தணிக்காது. அதைத் தணிப்பது ஸ்டீராய்டு. மாத்திரையாக நெடுநாள் உட்கொண்டால் எலும்பு நலிவு, நீரிழிவு முதலிய தீங்குகள் உண்டு. 1972இல் பெக்ளோமெத்தசோன் முகரும் வடிவில் வந்தபோது நிலைமை மாறியது. மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில் தேவைப்பட்டது, முகரும்போது மைக்ரோகிராம் கணக்கில் போதுமானதாயிற்று.

இம்மருந்தைத் தொடர்ந்து பயன்படுத்துவோரிடம் வாரங்கள் செல்லச் செல்லக் கூருணர்வு குறைகிறது. குழல் சுருங்குவதற்கு முன்னைவிட அதிக மெத்தகோலின் தேவைப்படுகிறது. ஆகவே மருந்து தொடங்கிய பின் நடத்தும் சோதனையில் நோய் தெரியாமற்போகலாம். இயன்றவரை முன்னதாகவே சோதித்துக்கொள்வது நலம். மருந்தை நிறுத்தினால் கூருணர்வு திரும்புகிறது என்பதை, 1,041 சிறுவரைக் கொண்டு அமெரிக்காவில் நடைபெற்று 2000இல் வெளியான ஆய்வு காட்டியது. மருந்து நோயை அடக்குகிறதேயன்றி வேரறுக்கவில்லை. புடெசோனைடு பெற்ற அச்சிறுவர்கள் பெரியவர்களானபோது மற்றவரைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் உயரம் குறைந்திருந்தனர். இதைப் பெற்றோரிடம் மறைக்க வேண்டியதில்லை. எதிர்த்தட்டில் இருப்பது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். கனடாவின் சாஸ்கட்சவான் மாநிலப் பதிவேடுகளைக் கொண்டு 2000இல் வெளியான மற்றோர் ஆய்வில், முந்திய ஆண்டில் கூடுதலாகப் பயன்படுத்திய ஒவ்வொரு ஸ்டீராய்டுக் குப்பிக்கும் ஆஸ்துமா இறப்பு விகிதம் 21 விழுக்காடு குறைந்திருந்தது.

இந்திய நோயாளி இம்மருந்தை ஏற்கத் தயங்குகிறார். இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்ற அச்சமும், அது கடைசிக் கட்ட மருந்து என்ற எண்ணமும் வங்கத்திலும் தமிழகத்திலும் ஒன்றுபோலவே உள்ளன. உடனடி நிம்மதி தரும் குழல்விரிப்பானை வாங்குபவர், உடனே பலன் தெரியாத ஸ்டீராய்டை ஒரு மாதத்தில் கைவிடுகிறார். குழல்விரிப்பானை மட்டும் நம்பியிருப்பது ஆபத்தானது என்று 2019 முதல் உலக ஆஸ்துமா வழிகாட்டு நெறி அறிவுறுத்தி வருகிறது.

தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தில் 2023ஆம் ஆண்டு நெறிமுறைகள் வழியாக ஆஸ்துமாவும் சேர்க்கப்பட்டுள்ளது. மெத்தகோலின் சோதனை, மருத்துவர் அருகிலிருந்து நடத்த வேண்டிய பெரிய மருத்துவமனைப் பணி. அதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் எதிர்பார்ப்பது முறையன்று. அங்கு வேண்டியது, மின்சாரமின்றி இயங்கும் சிறிய மூச்சு வேகமானி. நோயாளி இரண்டு வாரங்கள் காலையும் மாலையும் ஊதிக் குறித்துவரின், நாள்தோறும் காணும் ஏற்றத்தாழ்வு சராசரியாக 10 விழுக்காட்டுக்கு மேற்படுகிறதா என்பது புலனாகும். அக்குறிப்பேட்டைப் பார்த்து மருந்து எழுதும் மருத்துவரிடம் முகரும் ஸ்டீராய்டு எல்லா மாதங்களிலும் இருப்பில் இருக்க வேண்டும். அதை முகரும் முறையையும், முகர்ந்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும் என்பதையும் செவிலியர் செய்து காட்ட வேண்டும்.