பல்செட்டும் பூஞ்சையும்

பூஞ்சை பழைய ரொட்டியில் மட்டும்தான் வரும் என்று நினைக்காதீர்கள். கேண்டிடா என்ற ஈஸ்ட் நம்மில் பலர் வாயில் சும்மா குடியிருக்கிறது. சர்க்கரை நோய், ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் ஸ்டீராய்டு, நீண்டநாள் ஆன்டிபயாடிக் என்று ஏதாவது வந்தால் பெருகிவிடும். ராத்திரியும் பல்செட்டைக் கழற்றாத தாத்தா பாட்டிகளுக்கு, பல்செட் படும் இடம் முழுக்க மேலண்ணம் சிவந்திருக்கும். பெரும்பாலும் வலிக்காது, அதனால் கவனிக்க மாட்டாங்க.

இதற்குப் பழைய மருந்து நிஸ்டாடின். 1950-ல் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரு பெண் விஞ்ஞானிகள் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து எடுத்தது. நியூயார்க் ஸ்டேட் என்பதன் சுருக்கம்தான் பெயர்! பூஞ்சையின் செல்சவ்வில் எர்கோஸ்டிரால் உண்டு. நம் செல்லில் கொலஸ்டிரால். நிஸ்டாடின் எர்கோஸ்டிராலைப் பிடித்துச் சவ்வில் ஓட்டை போடும். குடல் இதை உறிஞ்சாது என்பதால் வாயிலேயே கொஞ்சநேரம் வைத்துச் சுழற்றணும். டக்கென்று விழுங்கினால் வீண். குளோட்ரிமசோல், மைக்கோனசோல், ஃபுளுகோனசோல் ஆகியவை எர்கோஸ்டிரால் உருவாவதையே தடுக்கும். ஆனால் வார்ஃபாரின் சாப்பிடுபவருக்கு மைக்கோனசோல் வாய் ஜெல்கூட ஆபத்து, ரத்தக்கசிவு வரும்.

இப்போ நம்ம சப்ஜெக்டுக்கு வருவோம். பல்செட் அக்ரிலிக், அதாவது பி.எம்.எம்.ஏ. பாலிமர். வெளிப்புறம் பளபளப்பு, வாயோடு பொருந்தும் உட்புறத்தைப் பாலிஷ் போடுவதில்லை, அளவு மாறிடும். அந்தச் சொரசொரப்பில்தான் கேண்டிடா படலமாக ஒட்டுகிறது. வாய்க்கு மட்டும் மருந்து போட்டால் நோய் அங்கிருந்து திரும்பி வரும். பல்செட்டையும் பிரஷ்ஷால் தேய்த்து, ராத்திரி கழற்றி, டாக்டர் சொல்லும் கரைசலில் ஊறவைக்கணும். கோபால்ட்-குரோமியம் சட்டம் உள்ளதை மட்டும் ஹைப்போகுளோரைட்டில் போடக்கூடாது. ஏன் என்று மெட்டலர்ஜி பசங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை!