விமானம் வாங்கியாச்சா? போர் விமானச் செய்தியைப் படிப்பது எப்படி

"பாகிஸ்தானுக்கு 40 சீன ஸ்டெல்த் விமானங்கள்!", "இந்தியாவுக்கு வருகிறது எஃப்-35!" 2025-ல் இந்த இரண்டு தலைப்பில் ஒன்றாவது உங்க ஃபோனுக்குக் கண்டிப்பா வந்திருக்கும். ஒன்று வந்தா பயம், இன்னொன்று வந்தா கொண்டாட்டம். ஆனால் அவை சுற்றிய நேரத்தில், இரண்டுக்குமே அறிவிக்கப்பட்ட ஒப்பந்தம் எதுவும் கிடையாது. அப்போ இந்த மாதிரி செய்தியை எப்படிப் படிக்கணும்? வாங்க, படிப்படியாகப் பார்க்கலாம்.

1. செய்தி எந்தப் படியில் நிற்கிறது?

விருப்பம், முன்மொழிவு, பேச்சுவார்த்தை, ஒப்பந்தம், டெலிவரி. ஒரு விமானம் இந்த ஐந்து படியும் ஏறணும். ரஃபேல் கதையைப் பாருங்க. 2007-ல் இந்தியா 126 விமானங்களுக்கு டெண்டர் விட்டது. ஆறு விமானங்கள் போட்டியிட்டன. 2012 ஜனவரியில் ரஃபேல் தேர்வானது. ஆனால் விலையிலும் உத்தரவாதத்திலும் பேச்சு இழுத்துக்கொண்டே போய், அந்த 126 விமான ஒப்பந்தம் கையெழுத்தாகவே இல்லை. 2015-ல் அது 36 ஆகச் சுருங்கியது. 2016 செப்டம்பரில் கையெழுத்து. 2020 ஜூலையில் முதல் ஐந்து விமானங்கள் அம்பாலாவில் இறங்கின. நாம எல்.கே.ஜி. சேர்வதற்கு முன்னாடி விட்ட டெண்டர். முதல் விமானம் வந்தது நம்ம ஸ்டேட் போர்டு பசங்க பத்தாவது ஆல் பாஸ் ஆன வருஷம்!

எஃப்-35 செய்தியும் அப்படித்தான். 2025 பிப்ரவரியில் அதை இந்தியாவுக்குத் தர வழி செய்வதாக டிரம்ப் சொன்னார். அதே நாளில் நம் வெளியுறவுச் செயலர், இது முன்மொழிவு நிலையில்தான் இருக்கிறது, கொள்முதல் நடைமுறை தொடங்கவில்லை என்று விளக்கிவிட்டார். அதாவது இரண்டாம் படி.

2. இந்தச் செய்தியால் யாருக்கு லாபம்?

2025 ஜூனில் பாகிஸ்தான் அரசே தன் எக்ஸ் பக்கத்தில், 40 ஜே-35 விமானங்களைத் தர சீனா முன்வந்திருப்பதாக எழுதியது. சில நாட்களிலேயே அதைத் தயாரிக்கும் ஷென்யாங் நிறுவனத்தின் பங்கு சுமார் 10 சதவீதம் ஏறியது. அப்புறம் பாகிஸ்தான் பாதுகாப்பு அமைச்சர் கவாஜா ஆசிஃப், இதெல்லாம் மீடியாவில் மட்டும்தான், சீனாவின் ஆயுத விற்பனைக்கு நல்லது என்கிற பொருளில் பேசினார். விமானம் வரலை, ஆனால் செய்தி தன் வேலையைச் செய்துவிட்டது. விற்பவருக்கு விளம்பரம், வாங்குபவருக்கு கெத்து, எதிர்பக்கத்தில் அதிக பட்ஜெட் கேட்பவர்களுக்கு ஒரு காரணம்.

3. அப்போ எல்லா வதந்தியும் பொய்யா?

இல்லை. 2021 டிசம்பரில் பாகிஸ்தானின் அன்றைய உள்துறை அமைச்சர் ஷேக் ரஷீத், ரஃபேலுக்குப் பதிலடியாக 25 சீன விமானங்கள் வரும் என்றார். ஜே-10சி-யை "ஜேஎஸ்-10" என்று மாற்றிச் சொன்னதால் பலர் சிரித்தார்கள். ஆனால் 2022 மார்ச்சில் முதல் ஜே-10சி விமானங்கள் பாகிஸ்தான் படையில் சேர்ந்தன. எனவே பெரிய வாயால் வந்தது என்பதற்காக நம்பவும் வேண்டாம், தப்பாகச் சொன்னார் என்பதற்காகத் தள்ளவும் வேண்டாம். படியை மட்டும் பாருங்க.

4. ஏன் இந்தப் போட்டி நிற்பதே இல்லை?

சர்வதேச உறவுப் பாடத்தில் இதைப் "பாதுகாப்புச் சிக்கல்" என்பார்கள். நான் தற்காப்புக்கு என்று வாங்குவது உங்களுக்குத் தாக்குதல் தயாரிப்பாகத் தெரியும். நீங்களும் வாங்குவீங்க. அது எனக்கு மிரட்டலாகத் தெரியும். 1981-ல் பாகிஸ்தான் 40 எஃப்-16 வாங்க ஒப்பந்தம் போட்டது. அடுத்த வருஷமே இந்தியா மிராஜ் 2000-க்கு ஒப்பந்தம் போட்டது. பிறகு மிக்-29-ம் வந்தது. ரஃபேலுக்கு ஜே-10சி என்பதும் இதே கணக்குதான்.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 1990-ல் அணு ஆயுதத் திட்டத்தைக் காரணம் காட்டி அமெரிக்கா பாகிஸ்தானுக்கான உதவியை நிறுத்தியது. பாகிஸ்தான் பணம் கட்டியிருந்த 28 எஃப்-16 விமானங்கள் தயாரான பிறகும் அரிசோனா பாலைவனத்தில் நின்றன. கையெழுத்து போட்டாலும் ஐந்தாம் படி நிச்சயம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

5. நமக்கான கேள்வி: இன்ஜின் யாருடையது?

எந்த வீடியோவும் சொல்லாத விஷயம் இது. பாகிஸ்தானின் ஜேஎஃப்-17 பறப்பது ரஷ்யாவின் ஆர்டி-93 இன்ஜினில். நம் மிக்-29-ல் இருக்கும் ஆர்டி-33-ம் அதே குடும்பம். எல்லையில் முறைத்துக்கொள்ளும் இரண்டு விமானங்களுக்கும் இதயம் ஒரே ஊரிலிருந்து!

தேஜஸ் மார்க் 1ஏ-க்கு 2021-ல் 83 விமானங்கள் ஆர்டர் கொடுத்தோம். அதற்கான அமெரிக்க ஜிஇ இன்ஜின்களில் முதலாவது கைக்கு வந்தது 2025 மார்ச்சில். இங்கே விமானப் படைக்கு அனுமதிக்கப்பட்ட ஸ்குவாட்ரன்கள் 42. 2025 செப்டம்பரில் மிக்-21 ஓய்வு பெற்றபோது கையில் இருந்தவை 29. இந்த இடைவெளிதான் நிஜமான கவலை. பக்கத்து நாட்டு வதந்தி அல்ல.

பெங்களூரின் ஜிடிஆர்இ 1980-களின் கடைசியில் தொடங்கிய காவேரி இன்ஜின் தேவையான உந்துவிசையைத் தரவில்லை. 2008-ல் தேஜஸிலிருந்து பிரிக்கப்பட்டது. காரணம் தேசப்பற்றுக் குறைவு இல்லைங்க. டர்பைன் பிளேடு, தன் உலோகமே உருகும் அளவுக்கு மேல் சூடான வாயுவில் சுழலணும். அதற்கு ஒற்றைப் படிக உலோக வார்ப்பு, உள்ளே நுண்ணிய குளிர்விப்புத் துளைகள், மேலே செராமிக் பூச்சு எல்லாம் வேணும். நாம தெர்மோடைனமிக்ஸ், மெட்டலர்ஜி பேப்பரில் அரியர் இல்லாம தப்பிச்சா போதும்னு படிக்கிற அதே பாடங்கள்தான்.

அடுத்த ஃபார்வர்டு வரும்போது மூன்று கேள்வி கேளுங்க: எந்தப் படி? யாருக்கு லாபம்? இன்ஜின் யாருடையது? மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு ஷேர் பண்ணுங்க. மூன்றாவது கேள்வியில் ஆர்வம் வந்துட்டா, அந்த மெட்டலர்ஜி புத்தகத்தை செமஸ்டர் முடிஞ்ச உடனே ஜூனியருக்குக் கொடுத்துடாதீங்க.