சின்னண்ணனுக்கு எந்தக் கட்டம்?

என் அண்ணன் மகள் பீளமேட்டில் கல்லூரி படிக்கிறாள். போன லீவுக்கு ஊருக்கு வந்தவள் சார்ட் பேப்பரில் குண வகைக்கு ஒன்றாகப் பதினாறு கட்டம் போட்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். பொன்னர், சங்கர், தங்காள், தாமரை, தலையூர்க் காளி, கொம்பன் பன்றி. சங்கருக்கு ‘இஎஸ்டிபி’ என்று போட்டிருந்தாள். அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் அம்மா, அதாவது அவளுடைய அப்பத்தா, எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏங் கண்ணு, சின்னண்ணரைப் பொட்டிக்குள்ள போட்டீன்னா ஒரே ஒதையில ஒடச்சிட்டு வந்துருவாருல்ல.”

அவள் பார்த்திருந்த தொடர் ‘தி லெஜெண்ட் ஆஃப் பொன்னிவளா’. நம் கொங்கு நாட்டு அண்ணன்மார் சாமி கதையை 26 அத்தியாயத்தில் சொல்லும் அனிமேஷன் தொடர் அது. தயாரித்தவர் கனடாக்காரரான மானிடவியலாளர் பிரெண்டா பெக். 1965ல் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி, உடுக்கைப் பாட்டுக்காரர்கள் இரவிரவாகப் பாடிய இந்தக் கதையை டேப்பில் பதிவு செய்தவர். பேசும் கிளி, மலை போன்ற பன்றி, மாயவர் என்கிற திருமால், கனவில் நாளையைப் பார்க்கும் தங்கச்சி என்று மாயக் கதைக்கு வேண்டிய சரக்கெல்லாம் இதில் உண்டு. தியரி கட்டுவதற்கும் குணம் பிரித்துப் பார்ப்பதற்கும் தோதான கதை. கட்டுகிறவர்களுக்குச் சில குறிப்புகள்.

செய்யுங்கள்: முடிவு தெரிந்த கதை என்பதை ஒப்புக்கொண்டு தொடங்குங்கள்.

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ ரசிகர்களுக்கு ஒரு வசதி இருந்தது. முதல் புத்தகம் வந்தது 1996ல். ஜான் ஸ்னோவின் பெற்றோர் யார் என்று அப்போது தொடங்கிய ஊகம், தொலைக்காட்சியில் உறுதியாக 2016 ஆயிற்று. இருபது வருஷம் ஊகித்தே வாழ்ந்தார்கள். நமக்கு அந்தச் சுகம் இல்லை. அண்ணன்மார் பதினாறு வயதில் போய்ச் சேர்வார்கள் என்பது உடுக்கையில் முதல் அடி விழும் முன்பே கூட்டத்துக்குத் தெரியும். ஆகவே ‘அடுத்து என்ன’ என்று இங்கே தியரி கட்ட வழியில்லை. ‘ஏன் இப்படி’ என்றுதான் கட்ட முடியும். கஷ்டமான வகை அதுதான்.

செய்யாதீர்கள்: “ஒரிஜினல் கதைப்படி...” என்று வாக்கியத்தைத் தொடங்காதீர்கள்.

எந்த ஒரிஜினல்? பெக் அம்மையார் ஒரே பாட்டுக்காரரிடம் இரண்டு விதமாகக் கதையை வாங்கினார். கூட்டத்தின் முன்னால் பாடியது ஒன்று, எழுதுவதற்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னது இன்னொன்று. இரண்டும் ஒன்றுபோல் இல்லை. 1982ல் வந்த ‘தி த்ரீ ட்வின்ஸ்’ புத்தகத்தில் இந்த வேறுபாட்டையே ஆராய்ந்திருக்கிறார். ஒரே வாயிலேயே இரண்டு கதை என்றால், கவிஞர் சக்திக்கனல் பதிப்பித்த ‘அண்ணன்மார் சுவாமி கதை’யும், கலைஞரின் ‘பொன்னர் சங்கர்’ நாவலும், பிரசாந்த் இரட்டை வேடத்தில் வந்த 2011 படமும் ஒன்றாக இருக்குமா? உங்கள் தியரி எந்தப் பாட்டின் மேல் நிற்கிறது என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

செய்யாதீர்கள்: அண்ணனையும் தம்பியையும் தனித்தனியாகத் தேர்வுக்கு உட்கார வைக்காதீர்கள்.

இந்தப் பதினாறு கட்டம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. யுங் 1921ல் எழுதிய உளவியல் வகைகள் பற்றிய புத்தகத்தை வைத்துக்கொண்டு, கேதரின் பிரிக்ஸ், இசபெல் மையர்ஸ் என்ற அம்மாவும் மகளும் உருவாக்கியது. இருவருமே உளவியல் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் அல்லர். சில வாரம் கழித்து அதே கேள்விகளுக்கு மறுபடி பதில் சொன்னால் கணிசமானவர்களுக்கு வேறு கட்டம் வருகிறது என்பதும் பழைய புகார். பொழுதுபோக்குக்கு என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. நானும் போட்டுப் பார்த்திருக்கிறேன். எனக்கு வந்த கட்டத்தைச் சொல்ல மாட்டேன்.

ஆனால் இந்தக் கதைக்கு அது பொருந்தாமல் போவதற்குக் காரணம் வேறு. பெரியண்ணன் பொன்னர் சாந்தமானவர், எதற்கும் பொறுமை. சின்னண்ணன் சங்கர் முதலில் வெட்டுவார், பிறகு விசாரிப்பார். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் இரண்டு கட்டம்தான். கதைக்குள் போனால் அப்படி நிற்பதில்லை. ஆசாரி ஒருவன் சூழ்ச்சியாகப் பேசும்போது பெரியண்ணன் நம்பிவிடுகிறார். தம்பி வந்து அவனைக் குளத்தில் அமுக்கித் தீர்க்கிறார். அண்ணன் அவ்வளவு நம்புகிறவராக இருக்க முடிவதே, பின்னால் தம்பி வருவார் என்கிற தைரியத்தில்தான். தம்பி அவ்வளவு துள்ளுவதும், அடக்க அண்ணன் இருக்கிறார் என்பதால்தான். கடைசியில் பாருங்கள்: மாயவரின் பூங்கணை பட்டதும் தன் காலம் முடிந்தது என்று புரிந்துகொண்டு சங்கர் தன் வாளிலேயே சாய்கிறார். அதன் பிறகு பொறுமைசாலிப் பெரியண்ணனுக்கும் பொறுமை ஒரு நாழிகை தாங்கவில்லை. அவரும் தன் வாளிலேயே சாய்கிறார். சாந்த சுபாவம் எங்கே போனது? அது தம்பியோடு சேர்ந்த குணம், தம்பியோடு போய்விட்டது. தோட்டம் பாகம் பிரித்த அண்ணன் தம்பிகளை நம் ஊரில் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சேர்ந்திருக்கையில் வாய் திறக்காத பெரியவர் பிரிந்த மறுமாசமே வரப்புக்குக் கத்துவார்.

ஆகவே பொன்னர் சங்கருக்கு ஒரே கட்டம். அதையும் கோடு அழித்துக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள்.

செய்யுங்கள்: தங்காளைப் பற்றி எத்தனை தியரி வேண்டுமானாலும் கட்டுங்கள்.

இந்தக் கதையில் ஊகத்துக்கு உண்மையான தீனி அவள்தான். கன்னிமார் எழுவரில் கடைசியாள் பிறந்து வந்தவள் என்பார்கள். கனவில் காண்பது பலிக்கும். அப்படிப்பட்டவள் ஒரு நாள் கிளி வேண்டும் என்று கேட்கிறாள். தங்கச்சி கேட்டால் இல்லையென்று சொல்லத் தெரியாத அண்ணன்மார் வேடர் காட்டுக்குள் போகிறார்கள். ஆண் கிளி அகப்படுகிறது. தப்பிய பெண் கிளி வேடர் குலத்து வீரத்தங்காளிடம் போய் அழுகிறது. அங்கிருந்து கொம்பன் பன்றி கிளம்புகிறது. பன்றியில் தொடங்கியது அண்ணன்மார் சாயும் படுகளத்தில் போய் முடிகிறது. வரப்போவது தெரிந்தவள் ஏன் கிளி கேட்டாள்?

என் அண்ணன் மகளின் தியரி: தெரிந்தேதான் கேட்டாள். பதினாறு வயது எப்படியும் முடியப் போகிறது. காய்ச்சலில் கிடந்து போவதைவிடக் களத்தில் போகட்டும் என்று அவளே கதையை நகர்த்தினாள். இதைக் கேட்டு எனக்கே ஒரு நிமிஷம் சிலிர்த்தது. அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. “பொட்டப் புள்ள ஆசப்பட்டு ஒரு கிளி கேட்டா அதுலயுமா சதி?” என்று அடுப்படிக்குப் போய்விட்டார். துணைக்கு ஆளில்லாத பெரிய வீட்டில் ஒரு பெண் பேச்சுத்துணைக்குக் கிளி கேட்டாள், அவ்வளவுதான் என்பது அம்மாவின் கட்சி. எனக்கு இது இன்னும் பயங்கரமாகப் படுகிறது.

எந்தத் தியரியானாலும் ஒரு சோதனை வையுங்கள். கிளி கேட்டவள்தான், அண்ணன்மார் மாண்டபின் அண்ணிமார் இருக்கும் அரண்மனைக்குத் தீ வைக்கிறாள். அவளேதான் காடு மேடு அலைந்து படுகளத்தைக் கண்டுபிடித்து, அண்ணன்மாரை எழுப்பி நாலு வார்த்தை பேசுகிறாள். கிளி, தீ, படுகளம் மூன்றையும் தாங்காத தியரி ஓட்டைக் குடம்.

செய்யுங்கள்: நாயைக் கவனியுங்கள்.

பொன்னாச்சி என்கிற குட்டி நாய். வேட்டைக்கு எல்லா நாயையும் கூட்டிப் போன சங்கர் இதை விட்டுவிட்டுப் போனார். அது கோபித்துக்கொண்டது. மன்னிப்புக் கேட்டு அழைத்த பிறகே வந்தது. வந்து, கொம்பனைக் கடிக்க வேண்டிய இடத்தில் கடித்தது.

செய்யாதீர்கள்: தலையூர்க் காளிக்கு ‘வில்லன்’ என்று சீட்டு ஒட்டாதீர்கள்.

அண்ணன்மாரை எதிர்த்த வேட்டுவத் தலைவன் அவன். வேட்டுவர் வீடுகளில் வீரன் அவன்தான். கதையின் அடியில் இருப்பது ஏருக்கும் காட்டுக்கும் உள்ள வழக்கு. அண்ணன்மாரின் பாட்டன் காலத்தில் காட்டைத் திருத்தி உழவு வந்தபோதே அது தொடங்கிவிட்டது. காடு யாருடையதோ அவர்கள் பக்கம் நின்று கதையை ஒருமுறை சொல்லிப் பாருங்கள். குணமெல்லாம் இடம் மாறும். கூடவே ஒன்று: சாதிப் பெருமை பேசுவதற்குத் தியரியை ஏணியாக்காதீர்கள். அண்ணன்மாரோடு கடைசிவரை நடந்த சாம்பானுக்கு என் அண்ணன் மகளின் சார்ட்டில் கட்டமே இல்லை. பாதி வேலை செய்தவன் அவன். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

செய்யாதீர்கள்: பெரியவர்கள் முன்னால் ‘கேரக்டர்’ என்று சொல்லாதீர்கள்.

அவர்களுக்கு இவர்கள் சாமி. தோட்டத்து மூலையில் வேப்பமரத்தடியில் நிற்கும் அண்ணன்மார் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். சுண்ணாம்பு உதிர்ந்த குதிரை, கையில் வாளோடு இரண்டு பேர், ஓரமாகக் கன்னிமார் ஏழு கல். கல்லுக்கு மஞ்சள் தடவுகிற கை ‘இஎஸ்டிபி’க்குத் தடவுவதில்லை. மணப்பாறை பக்கம் வீரப்பூரில் மாசி மாதம் வேடபரி, படுகளம் என்னும் சடங்குகள் நடக்கும்போது அருள் வந்து விழுகிறவர்களைப் பார்த்தால், மீம் போட எடுத்த போன் தானாகப் பைக்குள் போய்விடும்.

செய்யுங்கள்: உடுக்கையோடு ஒரு முறையாவது கேளுங்கள்.

தொடரில் அரை மணியில் முடிகிற இடம் பாட்டில் ஒரு ராத்திரி போகும். பாட்டுக்காரரிடம் பதிவு செய்யலாமா என்று முதலில் கேளுங்கள். “ஏனுங்க, போன்ல எடுத்துக்கலாமுங்களா?” போதும். பெரும்பாலும் சரி என்பார். படுகளத்துக்கு வரும்போது மறுபடி ஒருமுறை கேளுங்கள். அந்த இடத்தில் வேண்டாம் என்று கை காட்டினால் நிறுத்திவிட்டு, எல்லோரோடும் தரையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். போர்வை எடுத்துப் போயிருந்தால் நல்லது. விடியக்காலம் பனி இறங்கும்.