கொழுந்துக் கணக்கும் கணினியும்

கேமரன் மலையில் தேயிலைத் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். பச்சைக் கொழுந்து ஒரே பாய்ச்சலில் தூளாகிவிடுவதில்லை. முதலில் வாடவைக்கிறார்கள், உருட்டுகிறார்கள், நிறமேறும் வரை காற்றுப்படப் பரப்புகிறார்கள், பின்னர்ச் சூட்டில் உலர்த்திச் சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். எந்தக் கட்டத்திலும் நின்று, தொட்டும் முகர்ந்தும் பார்க்கலாம். தூள் கெட்டுவிட்டால் எங்கே கெட்டது என்பதையும் கண்டுகொள்ளலாம். பாலை நிறுத்து, வடிகட்டி, உறையவைத்து, ரோலரில் இழுத்துப் புகைக்கூண்டில் ஏற்றும் ரப்பர்த் தோட்டத்து அன்பர்களுக்கு இவ்வொழுங்கு புதிதன்று.

தேயிலைக்கும் கணினிக்கும் உறவு பழையது. லண்டனில் தேநீர்க் கடைகள் நடத்திவந்த ஜே. லயன்ஸ் கம்பெனி ‘லியோ’ என்னும் கணினியைத் தானே உருவாக்கி, 1951-இல் தன் அலுவலகக் கணக்கில் ஈடுபடுத்தியது. 1954-இல் ஊழியரின் சம்பளக் கணக்கும் அதில் ஏறியது.

இன்று, தொழிற்சாலையைப் போலவே கட்டம் கட்டமாகக் கணக்கை நடத்தும் மென்பொருள்கள் உள்ளன. ஜெர்மனியிலுள்ள கோன்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் 2004-இல் தொடங்கப்பெற்று 2006-இல் வெளிவந்த ‘நைம்’ அவற்றுள் ஒன்று, இலவசமாகக் கிடைப்பது. திரையில் சிறு சிறு பெட்டிகள் தோன்றும். ஒரு பெட்டி கோப்பைப் படிக்கும், ஒன்று வேண்டாத வரிசைகளை நீக்கும், மற்றொன்று கூட்டும். பெட்டிகளைக் கோட்டால் இணைத்துவிட்டால் தரவு ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் செல்லும். ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் சாலை விளக்கைப் போன்ற அடையாளம் உண்டு. சிவப்பானால் அமைப்பு முடியவில்லை. மஞ்சளானால் ஓடத் தயார். பச்சையானால் வேலை முடிந்தது.

முடிந்தது என்றுதான் பச்சை கூறுமேயன்றிச் சரியாக முடிந்தது என்று கூறாது. புதிதாகப் பழகுவோர் ஏமாறும் இடம் இதுவே.

ஒரு மலைத்தோட்டத்தில் 200 பேர் கொழுந்து பறிப்பதாக வைத்துக்கொள்வோம். நிறுவை ஒரு கோப்பில். பெயரும் வங்கிக் கணக்கு எண்ணும் வேறொரு கோப்பில். கிராணி இரண்டையும் பெயரைக் கொண்டு இணைக்கிறார். ‘முனியம்மா’ என்ற பெயர் ரோமன் எழுத்தில் ஓரிடத்தில் ஒரு ‘எம்’, மற்றோரிடத்தில் இரண்டு ‘எம்’ பெற்றிருக்கிறது. இயந்திரத்துக்கு அவர்கள் இருவர். வழக்கமான இணைப்பில் 200 வரிசை உள்ளே போய் 199 வெளியே வரும். மணி அடிக்காது; விளக்கும் பச்சைதான். அந்த ஒரு வரிசை ஒருவரது மாதக் கூலி என்பதைக் கிராணி அறியாமல் போகலாம்; வீட்டில் அடுப்பு மூட்டுபவர் அறிவார்.

ஆகவே பெயரால் இணைத்தல் ஆகாது. தொழிலாளர் எண்ணால் இணைக்க வேண்டும். இணைத்தவுடன் வரிசைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். குறைந்தால் சிலர் விடுபட்டனர். கூடினால் ஓர் எண் இருமுறை பதிவாகியிருக்கக்கூடும். இணையாதவற்றைத் தனியே எடுத்துக் காட்டும் வசதி நைமில் உண்டு. அதைத் திறந்து பார்ப்பதற்குச் சில நொடிகளே ஆகும்.

அடையாள அட்டை எண்ணில் மற்றொரு பொறி இருக்கிறது. 2000 முதல் 2009 வரை பிறந்த இளைஞர்களின் எண் பூஜ்யத்தில் தொடங்கும். அதைக் கூட்டிக் கழிக்கும் எண்ணாக மென்பொருள் படித்துவிட்டால், தலையிலுள்ள பூஜ்யம் மறைந்து 12 இலக்கம் குறைந்துபோகும். அந்தப் பத்தியை எழுத்து வகையாகப் படிக்கும்படி முதற்பெட்டியிலேயே அமைத்துவிட வேண்டும்.

வெற்றிடமும் பூஜ்யமும் ஒன்றல்ல. ஒருவர் முதல் நாள் 40 கிலோவும் மறுநாள் 50 கிலோவும் பறித்து, மூன்றாம் நாள் விடுப்பில் இருந்தார் என்போம். அந்த இடம் வெறுமையாக இருந்தால் சராசரி 45. பூஜ்யம் இட்டால் 30. வேலை செய்த நாளின் திறனையா, மூன்று நாளின் சராசரியையா, எதைக் கேட்கிறோம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்வது நலம்.

நிறுவையிடத்திலிருந்து வந்த மூலக் கோப்பில் கை வைக்கவே கூடாது. திருத்தம் எதுவாயினும் அதற்கென ஒரு பெட்டி இருக்கட்டும். என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று அதன் அடியில் தமிழிலோ மலாயிலோ எழுதியும் வைக்கலாம். கூலியில் ஐயம் என்று ஒருவர் கேட்டு வந்தால், பின்னோக்கிச் சென்று எந்தக் கட்டத்தில் எண் மாறியது என்று அவருக்கே காட்டலாம். தாள் பேரேட்டிலும் அடித்து எழுதியதைக் காணலாம். கணினியில் மேலெழுதியதோ பெரும்பாலும் தடமின்றிப் போய்விடும்.

பழகிப் பார்க்க விரும்பும் ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பத்துப் பேரின் ஒரு வாரப் பால் கணக்கே போதும். அடையாள அட்டை எண்ணும் வங்கிக் கணக்கும் அதில் வேண்டா. பாலின் எடை ஒரு பத்தியில், காய்ந்த ரப்பர் விகிதம் அடுத்த பத்தியில், பெருக்கி வந்தது மூன்றாம் பத்தியில் இருக்கட்டும்: 20 கிலோ பாலில் 30 விழுக்காடு எனில் 6 கிலோ. முதலில் பத்து வரிசையையும் கையால் போட்டுத் தாளில் வைத்துக்கொண்டு, பிறகு பெட்டிகளை ஓடவிட்டு ஒப்பிடலாம்.