சிவப்பு நாடாவும் சாமானிய மக்களும்

முற்காலத்தில் இங்கிலாந்தில் அரசாங்கத் தாள்களைச் சிவப்பு நிறத் துணி நாடாவால் கட்டி வைப்பது வழக்கம். கட்டை அவிழ்த்தால்தான் காரியம் நடக்கும். அவிழ்ப்பதற்கோ மேலிடத்து உத்தரவு வேண்டும். நாளடைவில் அலுவலகத் தாமதத்துக்கே ‘சிவப்பு நாடா’ என்று பெயர் வந்துவிட்டது. வெள்ளையர் 1947-இல் கப்பலேறியபோது அதை எடுத்துப்போக மறந்துவிட்டார்கள் போலும்!

தோழியரே, நம்மில் பலருக்குத் தெரிந்த வருமானச் சான்றிதழையே எடுத்துக்கொள்வோம். கல்வி உதவித்தொகைக்கு அது வேண்டும். மனுவைக் கிராம நிர்வாக அலுவலர் விசாரிப்பார். பிறகு வருவாய் ஆய்வாளர். அதன்பின் தாலுகா அலுவலகம். இப்போது இ-சேவை மையத்தில் கணிப்பொறி வழியாக விண்ணப்பிக்கலாம் என்றாலும், விசாரணை என்னவோ அதே படிகளில்தான் ஏறுகிறது. குடும்ப அட்டையில் தந்தையின் பெயர் ஒருவிதமாகவும், ஆதார் அட்டையில் வேறுவிதமாகவும் இருந்துவிட்டால் மறுபடியும் அலைச்சல்தான். மாதச் சம்பளக்காரர் அரைநாள் விடுப்பு எடுத்துப் போய்வருவார். சித்தாள் வேலைக்குப் போகும் தாய்க்கு விடுப்பு ஏது? அலுவலகத்துக்குப் போன நாள், கூலி இல்லாத நாள். “நாளைக்கு வாம்மா” என்பது சொல்பவருக்கு இரண்டே சொல். கேட்பவளுக்கு அது இன்னொரு நாள் கூலி, இன்னொரு முறை பேருந்துக் கட்டணம்.

அலுவலர்களை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. பொய்க் கணக்குக் காட்டி உதவி பெறுவோரைத் தடுக்கவே இத்தனை கையெழுத்துகள். யாரோ ஒருவர் தவறு செய்ததும் ஒரு விதி கூடுகிறது. கூடிய விதி பிறகு எளிதில் குறைவதில்லை. வேடிக்கை என்னவென்றால், ஏமாற்ற நினைப்பவன் எல்லாத் தாள்களையும் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு வருவான். உண்மையான ஏழையிடம்தான் ஏதாவது ஒரு தாள் குறையும்.

மனிதனைவிடத் தாள் பெரிதாகிவிட்டால் என்ன நேரும் என்பதற்கு உத்தரப் பிரதேசத்தின் ஆசம்கர் மாவட்டத்தைச் சேர்ந்த லால் பிகாரியின் கதையே சாட்சி. 1970-களின் நடுவில் வங்கிக் கடனுக்காகச் சான்று கேட்டு வருவாய் அலுவலகத்துக்குப் போனார். பதிவேட்டில் அவர் இறந்துவிட்டதாக எழுதியிருந்தது! சிறு நிலத்துக்காக உறவினர் செய்த வேலை அது. ஆள் எதிரில் நின்றாலும் ஏடு மாறவில்லை. தாம் உயிரோடு இருப்பதை எப்படியாவது ஓர் அரசாங்கத் தாளில் பதியச் செய்ய வேண்டுமென்று அவர் செய்யாததில்லை. தம் பெயருடன் ‘இறந்தவர்’ என்று பொருள்படும் ‘மிருதக்’ என்பதைச் சேர்த்துக்கொண்டார். மனைவிக்கு விதவை உதவித்தொகை கேட்டு மனுச் செய்தார். 1989-இல் அமேதி தொகுதியில் ராஜீவ் காந்தியை எதிர்த்துத் தேர்தலில்கூட நின்றார். அரசாங்கம் அவரை உயிருள்ளவராக ஏற்றுக்கொண்டது 1994-இல். சாகடிக்க ஒரு வரி போதுமாயிருந்தது; உயிர்ப்பிக்கச் சுமார் 19 ஆண்டுகள்! அவரைப் போலவே ஏட்டில் இறந்துபோனவர்கள் பலர் இருந்தபடியால், அவர்களுக்கென ஒரு சங்கமே அமைத்தார். படிக்கும்போது சிரிப்பு வருகிறது. அவர் இடத்தில் நம்மை வைத்துப் பார்த்தால் சிரிப்பு வருமா?

முடிச்சு சிறிது தளர்ந்தும் இருக்கிறது. முன்பெல்லாம் ஒரு மதிப்பெண் பட்டியலின் நகலுக்குக்கூடப் பச்சை மை கையெழுத்துத் தேடி அதிகாரி வீட்டு வாசலில் காத்திருக்க வேண்டும். 2014-இல் மத்திய அரசு, நாமே கையொப்பமிட்டால் போதும் என்ற முறையை வலியுறுத்தியது. எனினும் இவை எல்லாவற்றிலும் பெரியது 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்பது என் எண்ணம். தமிழ்நாட்டில் 1997-லேயே இப்படி ஒரு சட்டம் வந்தது. ஆனால் மத்தியச் சட்டமே அதிக வலிமையுள்ளது. என் மனு யாரிடம் இருக்கிறது, எத்தனை நாளாக இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று எவரும் எழுதிக் கேட்கலாம். கேட்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்டதானால் 48 மணி நேரத்தில்.

எழுதத் தெரியாதவர் என்ன செய்வார் என்று கேட்கலாம். வாயால் சொன்னால் போதும். அதை எழுத்தில் கொண்டுவர அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரே உதவ வேண்டும். அச்சட்டத்தின் 6-ஆம் பிரிவில் இது இருக்கிறது. எங்கள் தெருவில் நான் கேட்டவர்களில் ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை.