பினாங்கில் ஒரு தண்ணீர்ப் பந்தல்

பினாங்குக்குப் போக நாள் பார்ப்பவர்களிடம், தைப்பூச வாரம் மட்டும் வேண்டாம் என்று பயண ஏற்பாட்டாளர்கள் சொல்வார்கள். அறை வாடகை ஏறிவிடும், சாலைகளை அடைத்துவிடுவார்கள், வாடகைக் கார் கிடைக்காது என்பார்கள். மூன்றும் உண்மை. ஆனாலும் போவதானால் அந்த வாரத்தில்தான் போக வேண்டும் என்பது என் கட்சி. மற்ற நாட்களில் அது கடற்கரையும் நல்ல சாப்பாடும் உள்ள ஒரு தீவு. அப்படிப்பட்ட தீவுகள் ஆசியாவில் நிறைய உண்டு. தைப்பூசத்து முன்னிரவில் பினாங்கு மாதிரி இன்னோர் ஊர் கிடையாது.

எனக்கு அந்த வாய்ப்பு அண்ணன் மகளால் வந்தது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. "அத்தை, ஊர்ல பாரிவேட்டை முடிஞ்சதும் கெளம்பி வா, பூசத்த இங்க பாக்கலாம்" என்றாள். பாரிவேட்டை முடியட்டும் என்று அவளே சொன்னதற்குக் காரணம் உண்டு. திருமுக்கூடல்காரர்கள் மாட்டுப்பொங்கலன்று ஊரை விட்டு நகர மாட்டோம். அன்றைக்குத்தான் பாரிவேட்டை. காஞ்சி வரதராஜப் பெருமாள் பழைய சீவரம் மலைக்கு எழுந்தருளி, பிறகு பாலாற்றைக் கடந்து எங்கள் ஊருக்கு வருவார். அவரோடு பழைய சீவரம் லட்சுமி நரசிம்மர், சாலவாக்கம் சீனிவாசர், காவாந்தண்டலம் லட்சுமி நாராயணர், எங்கள் அப்பன் வெங்கடேசர் என்று ஐந்து பெருமாள்களும் ஒரே இடத்தில் சேவை தருவார்கள். அதைப் பார்த்த பிறகுதான் நானும் என் வீட்டுக்காரரும் பெட்டி கட்டினோம்.

பயண விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானம் 2024 டிசம்பரில் தொடங்கியது. ஏறக்குறைய நாலு மணி நேரம் ஆகும். நேரடி விமானம் அமையாவிட்டால் கோலாலம்பூரில் மாறலாம். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து 30 நாள் வரை விசா தேவையில்லை என்ற சலுகை இருக்கிறது. அது அவ்வப்போது நீட்டிக்கப்படுவது. அதனால் டிக்கெட் எடுக்கும்முன் நடப்பு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளிக்கொள்ள வேண்டும். ஒரு ரிங்கிட் இருபது ரூபாய்க்கு மேல்.

தங்குவதற்கு எல்லோரும் கடற்கரை என்பதால் பத்து ஃபெரிங்கியைத்தான் சொல்வார்கள். நான் ஜார்ஜ் டவுனில் தங்கச் சொல்வேன். பத்து ஃபெரிங்கி மணல் அழகுதான், ஆனால் அங்கே கடலில் ஜெல்லி மீன் உண்டு. அறிவிப்புப் பலகையைப் படிக்காமல் தண்ணீரில் இறங்கக் கூடாது. பகலில் போய், சாயங்காலம் இரவுச் சந்தையைப் பார்த்துவிட்டுப் பேருந்தில் திரும்பிவிடலாம். ஜார்ஜ் டவுனோ காலால் நடந்து பார்க்க வேண்டிய ஊர். 1786-இல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய பிறகு வளர்ந்த நகரம், 2008-இல் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. குயின் ஸ்திரீட்டில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில், நடந்துபோகும் தூரத்தில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், அதே சாலையில் சீனர்களின் குவான்யின் கோயில். நகரின் நடுப்பகுதியைச் சுற்றிவர இலவசப் பேருந்து ஓடுகிறது.

முதல் சில நாட்கள் ஒன்றும் செய்யாமல் இருந்தோம். அதையும் ஒரு வேலையாகத்தான் சொல்கிறேன், ஏனென்றால் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு அது சுலபத்தில் வராது. காலையில் ரொட்டி சானாயும் தேத்தாரேக்கும். வெயில் ஏறினால் அறை. மாலையில் 1923-இல் ஓடத் தொடங்கிய கம்பிவட ரயிலில் பினாங்கு மலை. மேலே போனால் காற்று குளிர்ந்திருக்கும், கீழே நகரமும் பாலமும் கடலுக்கு அப்பால் பெருநிலமும் தெரியும். திருமுக்கூடல் பக்கம் கல்குவாரி லாரிப் புழுதியில் மூச்சு வாங்கிப் பழகியவளுக்கு அந்தக் காற்றே போதுமாக இருந்தது.

இரவுப் பொழுதுக்கு வருகிறேன். லவ் லேன் பக்கம் மதுக்கூடங்களும் பாட்டும் நள்ளிரவு தாண்டி இருக்கும். இளைஞர்கள் அங்கே போவார்கள், போகட்டும். மலேசியாவில் மதுவுக்கு வரி அதிகம், கணக்கைப் பார்த்ததும் போதை இறங்கிவிடும் என்றார் என் வீட்டுக்காரர். எங்களுக்குப் பிடித்தது சூலியா ஸ்திரீட் நடைபாதைத் தள்ளுவண்டிக் கடைகள். சோழர் பெயரிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் தெருவில் சீனர் கடையில் மீ கோரெங் சாப்பிடுவது ஒரு சுகம். சைவர்கள் கடையில் உட்காரும் முன்னே கேட்டுவிட வேண்டும், பார்த்தால் காய்கறி போலிருப்பதில் இறால் பொடி இருக்கும். சீனப் புத்தாண்டும் அந்தச் சமயத்தை ஒட்டி வந்தால் ஆயர் ஈத்தாமில் கேக் லோக் சி கோயிலை ஒரு மாதம் போல இரவில் விளக்கேற்றி வைப்பார்கள். அதைத் தவறவிடாதீர்கள்.

இனி பூசம். தைப்பூசத்துக்கு முதல் நாள் விடியலில் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து நகரத்தாரின் வெள்ளி ரதம் கிளம்புகிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த ரதம் அது. இழுப்பவை காளைகள். மாட்டுப்பொங்கலுக்குக் கொம்பில் வண்ணம் பூசிய மாடுகளை ஊரில் பார்த்துவிட்டு வந்த எனக்கு, அயல்நாட்டு நெடுஞ்சாலையில் அந்தக் காளைகளைக் கண்டதும் தொண்டை அடைத்தது. 2017 முதல் அறப்பணி வாரியத்தின் தங்க ரதமும் உண்டு, அதைப் பக்தர்களே வடம் பிடிக்கிறார்கள். இரண்டும் போய்ச் சேருவது தண்ணீர்மலை. அடிவாரத்தில் 1857-இல் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயில், மேலே ஐந்நூறு படிக்கு மேல் ஏறினால் பாலதண்டாயுதபாணி.

ரதம் வரும் வழியெல்லாம் தேங்காய் மலைபோல் குவிந்திருக்கும். உடைப்பவர்களில் பெரும்பங்கு சீனர்கள். குடும்பம் குடும்பமாக வந்து, ஊதுவத்தியைக் கையில் பிடித்து வேண்டிக்கொண்டு, கூடை கூடையாக உடைக்கிறார்கள். ரதம் நகர்வதற்காகப் பின்னாலேயே இயந்திரம் வந்து சிதறலை வாரித் தள்ளுகிறது. இங்கே ஒரு எச்சரிக்கை: ஓட்டுச் சில்லு கண்ணாடிபோல் கிழிக்கும், கல் வேகத்தில் தெறிக்கும். நேர்த்திக்கடன் இல்லாதவர்கள் கெட்டியான செருப்பு போட்டுக்கொண்டு, உடைக்கும் இடத்திலிருந்து தள்ளி நில்லுங்கள். குழந்தைகளை முன்வரிசைக்கு அனுப்பாதீர்கள்.

இதையெல்லாம் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தால் நல்ல படங்களோடு வந்திருப்பேன், அவ்வளவுதான். அண்ணன் மகள் தன் தொழிற்சாலைத் தோழிகளின் பந்தலில் என்னைச் சேர்த்துவிட்டாள். ஜாலான் உத்தாமா தொடங்கித் தண்ணீர்மலை வரை சாலையின் இரு பக்கமும் தண்ணீர்ப் பந்தல்கள். தொழிற்சாலைகள், சங்கங்கள், தெரு நண்பர்கள், சீனர் குழுக்கள் என்று ஆளாளுக்குப் போடுகிறார்கள். மோர், ரோஸ் சிரப், தயிர்சாதம், வறுத்த மீகூன், கொண்டைக்கடலை. இரவு முழுக்க, மறுநாள் முழுக்க, காவடி எடுப்பவர் முதல் குப்பை அள்ளுபவர் வரை யார் வந்தாலும் கொடுக்கிறார்கள். யாரும் யாரையும் என்ன மதம் என்று கேட்கவில்லை.

எங்கள் பந்தலை நடத்தியவர் பட்டர்வொர்த்திலிருந்து வரும் ஓய்வுபெற்ற தாதி, எல்லோருக்கும் அக்கா. போனதும் என்னைப் பார்த்து, "பசியாறிட்டீங்களா? சரி, இந்த வெள்ளரிக்காய நறுக்குங்க" என்றார். அறிமுகம் அத்தோடு முடிந்தது. நறுக்கிக்கொண்டே பேசியதில் ஊர், பிள்ளைகள், மாமியார், முழங்கால் வலி எல்லாம் வந்துவிட்டன. பக்கத்தில் கோப்பை நிரப்பிக்கொண்டிருந்த சீனப் பையன் என்னை 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டு, சிரப்பில் தண்ணீர் கூடிப்போனதைக் கையால் காட்டினான். நள்ளிரவு தாண்டியதும் உள்ளூர்ப் பிள்ளைகள் சோர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். உதவ நினைப்பவர்கள் போக வேண்டிய நேரம் அதுதான். மாலை ஏழு மணிக்குப் போனால் செல்பி எடுக்கத்தான் இடம் கிடைக்கும், விடியற்காலை மூன்று மணிக்குப் போனால் கரண்டி கிடைக்கும்.

பெண்கள் அந்நேரத்தில் நடமாடலாமா என்று ஊரில் கேட்டார்கள். பூசத்து இரவில் பாட்டிகள், கைக்குழந்தைக்காரிகள் எல்லோரும் சாலையில்தான் இருக்கிறார்கள். பணப்பையை மட்டும் முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள், அதுவும் எந்தத் திருவிழாவுக்கும் பொருந்தும்.

அங்குள்ள தமிழர்களோடு பழக இரண்டு யோசனை. "நல்லா தமிழ் பேசுறீங்களே" என்று பாராட்டாதீர்கள். 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கிய தீவு இது, இன்றைக்கும் அந்த நாட்டில் ஐந்நூறுக்கு மேல் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பாராட்டு அவர்களுக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருக்கும், சிரித்து மழுப்பிவிடுவார்கள். இன்னொன்று, பூர்விகம் கேட்பது. கேட்கலாம், ஆனால் அவர்களாக ஆரம்பிக்கும்வரை பொறுத்திருங்கள். ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பலருக்கு ஊர்ப்பெயர் தெரியாது, தெரியாததில் ஒரு வலி இருக்கிறது. அக்கா விடியற்காலையில்தான் சொன்னார்: "எங்க பாட்டி செங்கல்பட்டு ஜில்லான்னு மட்டும் சொல்வாங்க. ஆத்தங்கரை, பெருமாள் கோயில்னு சொல்வாங்க. வேற ஒண்ணும் தெரியாது." பழைய செங்கல்பட்டு ஜில்லாவில்தான் எங்கள் ஊரும் இருந்தது. ஆற்றங்கரையில் பெருமாள் கோயில் இருக்கும் ஊர்கள் அங்கே எத்தனையோ. நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அக்காவிடம் ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் இருந்தது. ஐஸ் யார் தந்தது, அரிசி யார், கேஸ் அடுப்பு யாருடையது, எந்நேரம் யார் பானைப் பக்கம் நிற்பது எல்லாம் அதில் இருக்கும். அதைப் பார்த்தபோது எங்கள் ஊர்க் கோயில் சுவர் நினைவுக்கு வந்தது. வீரராசேந்திர சோழன் காலத்தில், 11-ஆம் நூற்றாண்டில், வெட்டிய பெரிய கல்வெட்டு அது. 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலை என்னும் மருத்துவமனை, ஒரு மருத்துவர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள், ஓராண்டுக்கு வைத்திருக்க வேண்டிய தைலங்களும் லேகியங்களும், மருத்துவமனையில் இரவு எரிய விளக்குக்கு எண்ணெய் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதியிருக்கிறது. கோயில் பாடசாலையில் தங்கிப் படித்த மாணவர்களுக்குச் சனிக்கிழமை எண்ணெய் ஸ்நானத்துக்குக்கூட ஒதுக்கீடு உண்டு. தர்மம் செய்ய மனசு இருந்தால் போதும் என்பார்கள். போதாது, நோட்டுப் புத்தகமும் வேண்டும்.

அதே வீரராசேந்திரன்தான் கடாரத்தையும் வென்றவன். உதவி கேட்டு வந்த அரசனுக்காக வென்று, அவனிடமே திருப்பிக் கொடுத்ததாக அச்சரப்பாக்கம் பக்கத்துப் பெரும்பேர்க் கல்வெட்டு சொல்கிறது. அவன் அப்பா ராஜேந்திரன் 1025 வாக்கில் படையெடுத்ததும் அங்கேதான். கடாரம் என்பது பினாங்குக்கு எதிர்க்கரையில் இருக்கும் கெடா. பூசம் முடிந்த பிறகு அக்காவின் மகன் எங்களைத் தன் காரில் மெர்போக்குக்கு அழைத்துப் போனான். பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோயில்களின் கல் அடித்தளங்களும் ஒரு அருங்காட்சியகமும் இருக்கின்றன. பின்னால் குனோங் ஜெராய், அந்தக் காலத்து மாலுமிகள் அடையாளம் பார்த்து வந்த மலை. சுற்றுலாத் தொகுப்பில் பெரும்பாலும் சேர்க்காத இடம், கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, கொடுப்பது பற்றி. பந்தலுக்கு என்ன வேண்டும் என்று முன்கூட்டிக் கேளுங்கள். பெரும்பாலும் பொருளைவிட ஆளும் ஐஸும்தான் தேவைப்படும். நெகிழிக் கோப்பையும் பாலிஸ்டைரின் டப்பாவும் வாங்கிப் போகாதீர்கள், பினாங்கில் அவற்றுக்குக் கட்டுப்பாடு உண்டு. சம்படம் கொண்டுவருபவர்களுக்கு அதிலேயே போட்டுக் கொடுங்கள். ராமகிருஷ்ண ஆசிரமம் போன்ற குழந்தைகள் இல்லங்களுக்குக் கொடுப்பதானால் முதலில் தொலைபேசியில் பேசுங்கள். பிறந்தநாள் கேக்கோடு திடீரென்று போய்ப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுப்பது தர்மத்தில் சேராது. பணமாகத் தந்தால் ரசீது வாங்குங்கள், கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். பூசத்துக்கு மறுநாள் கோணிப்பையோடு தேங்காய் ஓடு பொறுக்கப் போகலாம். அதற்குத்தான் ஆள் குறைவு.

அக்கா வருகிற மாட்டுப்பொங்கலுக்குத் திருமுக்கூடலுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். நீங்களும் வாருங்கள். செங்கல்பட்டு – காஞ்சிபுரம் சாலையில் பழைய சீவரத்தில் இறங்கிப் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் ஊர். பெருமாள்கள் ஆற்றைக் கடந்த பிறகு எங்கள் மோர்ப் பந்தலில் எப்போதும் இரண்டு கை குறையும்.