கப்பல் சுற்றுலாவுக்குப் பெட்டி கட்டுகிறீர்களா?

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் என்று கப்பலில் கிளம்புகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது கைப்பையை. துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெரிய பெட்டி அறைக்கு வந்து சேர மாலைகூட ஆகிவிடும். பாஸ்போர்ட், மாத்திரை, நீச்சலுடை கையிலேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் மற்றவர்கள் குளத்தில் குதிக்க, நீங்கள் ஜீன்ஸோடு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

பருத்தி உடை, தொப்பி, சன்ஸ்கிரீன் எல்லோரும் எடுப்பதுதான். மறப்பது சால்வையை. வெளியே வெயில் கொளுத்தினாலும் சாப்பாட்டுக் கூடத்தில் ஏசி நடுங்க வைக்கும். அயர்ன் பாக்ஸ், கெட்டில் வேண்டாம். தீ பயத்தால் பெரும்பாலான கப்பல்களில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அறைச் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு. நாலு காந்தக் கொக்கி இருந்தால் ஈர நீச்சலுடை, தொப்பி, பை எல்லாவற்றையும் அதில் மாட்டிவிடலாம்.